ஏலச் சீட்டுக் கணக்கு எழுதி ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் கற்கலாம்: முழுமையான வழிகாட்டி

நாய் ஒரு விலங்கு, அது குரைக்கும். பூனையும் ஒரு விலங்கு, அது மியாவ் என்னும். இப்படித் தொடங்கும் பாடத்தைப் படித்தால் தேர்வில் ஆப்ஜெக்ட் முறையின் நான்கு கோட்பாடுகளையும் எழுதிவிடலாம். சொந்தமாக ஒரு நிரல் எழுத உட்காரும்போதுதான் எதைக் கிளாஸ் (தகவலையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாக வைக்கும் அச்சு) ஆக்குவது, எதை விடுவது என்று தெரியாமல் கை நிற்கும். நாய்க்கும் பூனைக்கும் காப்பாற்ற வேண்டிய விதி ஒன்றுமில்லை. எந்த மதிப்பை எப்படி மாற்றினாலும் அங்கே எதுவும் கெடாது. தப்பு நடக்க வாய்ப்புள்ள இடத்தில்தான் ஆப்ஜெக்ட்டுக்கு, அதாவது கிளாஸ் என்ற அச்சிலிருந்து வார்க்கப்படும் ஒவ்வொன்றுக்கும், வேலை இருக்கிறது.

ஏலச் சீட்டில் தப்பு நடக்க வாய்ப்பு ஏராளம். ஒருமுறை எடுத்தவர் மறுபடி ஏலம் கேட்கக் கூடாது. வசூலான பணமும் கொடுத்த பணமும் ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். தள்ளு, அதாவது சீட்டை எடுக்க ஒருவர் விட்டுக்கொடுக்கும் தொகை, எல்லை தாண்டக் கூடாது. கடைசி மாதம் ஏலமே கிடையாது. அத்தனையும் நமக்குத் தெரிந்த விதிகள் என்பதால் எதை எழுதுகிறோம் என்பதில் குழப்பம் வராது. எப்படி எழுதுவது என்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். ஆப்ஜெக்ட் முறை பிறந்ததும் இப்படிப்பட்ட தேவையில்தான். 1960களில் நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது, நிஜ உலக நடைமுறைகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்காக. கிளாஸ் என்ற கருத்து சிமுலா 67 மூலம்தான் வந்தது.

தேவையானவை

பைதான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஏதாவது ஒரு எடிட்டர், ஒரு கணக்கு நோட்டு. வேறு நூலகம் எதையும் நிறுவ வேண்டாம். மாறிகள், பட்டியல், அகராதி, ஃபங்ஷன் ஆகியவை தெரிந்திருந்தால் போதும்.

கீழே வரும் நிரல் துண்டுகள் தமிழில் எழுதப்பட்ட வரைவுகள். அவற்றை நீங்களே பைதானுக்கு மாற்றி எழுத வேண்டும். வெட்டி ஒட்டினால் நிரல் ஓடும், பாடம் பதியாது. ஒவ்வொரு வரைவு வரிக்கும் நேரான பைதான் வரி ஒன்றிரண்டு உண்டு. கிளாஸ், மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்), மாறி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவே இடைவெளி வராமல் அடிக்கோடு போட்டால் சரி.

முதல் கட்டம்: நோட்டில் கணக்கு

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு சீட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள். 20 பங்கு, 20 மாதம், மாதத் தவணை ரூ.5,000. சீட்டுத் தொகை ரூ.1,00,000. நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம், அதாவது ரூ.5,000. ஒவ்வொரு மாதமும் ஏலம் முடிந்த பிறகு அந்த மாதத் தவணை வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவை, அதாவது தள்ளில் கமிஷன் போக மிஞ்சுவதை, அடுத்த மாதத் தவணையில் கழிக்கும் இடங்களும் உண்டு. எது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் மாதம் ஒருவர் ரூ.30,000 தள்ளி எடுக்கிறார். அவர் கைக்குப் போவது ரூ.70,000. தள்ளிய 30,000-இல் கமிஷன் 5,000 போக மிச்சம் 25,000. அதை 20 பங்குக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. எனவே எல்லாரும் கட்டுவது ரூ.3,750. வசூல் 75,000, கொடுத்தது 70,000, கமிஷன் 5,000. பொருந்துகிறது.

இரண்டாம் மாதம் தள்ளு ரூ.26,000. கழிவு 21,000, பங்குக்கு 1,050, தவணை 3,950, வசூல் 79,000. எடுத்தவருக்கு 74,000, கமிஷன் 5,000. இதுவும் பொருந்துகிறது.

இருபதாம் மாதம் மிச்சமிருப்பது ஒரே பங்கு. ஏலம் கிடையாது. தள்ளு கமிஷனுக்குச் சமமாக ரூ.5,000, கழிவு பூஜ்யம், எல்லாரும் முழுத் தவணை கட்ட, கடைசியாக எடுப்பவருக்கு 95,000.

இந்த மூன்று மாதக் கணக்கை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னால் சோதனை எழுதும்போது விடைத்தாள் இதுதான்.

இரண்டாம் கட்டம்: கிளாஸ் இல்லாமல் ஒரு முயற்சி

உறுப்பினர்களை அகராதிகளின் பட்டியலாக வையுங்கள்: பெயர், எடுத்தாரா, கட்டியது. இரண்டு ஃபங்ஷன் போதும்: ஏலத்தை முடிப்பது ஒன்று, தவணை கணக்கிடுவது மற்றொன்று. அரை மணியில் ஓடிவிடும். பிறகு நிரலில் ஏதாவது ஒரு மூலையில் இருந்து, ஏற்கெனவே எடுத்தவரின் ‘எடுத்தாரா’ மதிப்பைப் பொய் என்று மாற்றிப் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். அவர் மறுபடி ஏலம் கேட்கலாம், எடுக்கலாம். ‘எடுத்தார’ என்று ஒரு எழுத்து தவறி அடித்தால் அகராதியில் புதிதாக ஒரு சாவி சேரும். அதுவும் பிழை என்று வராது.

இந்த முயற்சியைத் தாண்டிப் போக வேண்டாம். விதி ஒரு ஃபங்ஷனிலும் அது காக்க வேண்டிய தகவல் வேறெங்கோ கிடப்பதும் எப்படிப்பட்ட சிக்கல் என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் அடுத்த கட்டம் புரியும்.

மூன்றாம் கட்டம்: ஆள் வேறு, பங்கு வேறு

முதலில் எழுதத் தோன்றும் கிளாஸ் ‘உறுப்பினர்’. அதில் பெயர், கைபேசி எண், சீட்டு எடுத்தாரா என்று மூன்று தகவல். இந்த மூன்றாவது தகவல்தான் பலரைச் சிக்க வைக்கிறது.

ஒரே குழுவில் ஒருவர் இரண்டு சீட்டு போடுவது நம் ஊரில் சாதாரணம். ஒன்றை எடுத்துவிட்டார், இன்னொன்று பாக்கி. அவர் எடுத்தவரா, எடுக்காதவரா? ஆளிடம் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. விடை பங்கிடம் இருக்கிறது. ஆக, எடுத்த நிலையும் தவணையும் பங்கைச் சேர்ந்தவை. பெயரும் கைபேசி எண்ணும் ஆளைச் சேர்ந்தவை. ஒரு தகவல் எந்தக் கிளாஸில் இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால், “இது மாறும்போது வேறு எது கூடவே மாற வேண்டும்?” என்று கேளுங்கள். கூடவே மாறுகிறவை ஒன்றாக இருக்கட்டும்.

```
கிளாஸ் பங்கு:
    தொடக்கம்(எண், உரியவர்):
        தன்.எண் = எண்
        தன்.உரியவர் = உரியவர்
        தன்._எடுத்த_மாதம் = இன்மை

    எடுத்தாயிற்றா():
        திருப்பு (தன்._எடுத்த_மாதம் என்பது இன்மை அல்ல)

    எடு(மாதம்):
        எடுத்தாயிற்று எனில்: பிழை எழுப்பு
        தன்._எடுத்த_மாதம் = மாதம்
```

‘தன்’ என்பது பைதானின் செல்ஃப், அதாவது அந்த ஆப்ஜெக்ட்டே. ‘தொடக்கம்’ என்பது இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட இனிட் மெத்தட். ‘இன்மை’ என்பது மதிப்பு எதுவும் இல்லை என்று காட்டும் நன் (None).

இந்தப் பத்து வரியில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எடுத்தது உண்மையா பொய்யா என்று வைக்காமல் எந்த மாதம் எடுத்தது என்று வைத்திருக்கிறோம். உண்மை, பொய் என்பது அதிலிருந்தே கிடைத்துவிடும்; இரண்டையும் தனித்தனியாக வைத்தால் ஒருநாள் ஒன்றுக்கொன்று முரண்படும்.

இரண்டாவது, ‘இன்மை அல்ல’ என்று முழுதாக ஒப்பிடுவது. சோம்பலில் “எடுத்த மாதம் இருந்தால்” என்று மட்டும் எழுதி, மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், முதல் மாதம் எடுத்தவரின் மதிப்பு பூஜ்யம். பைதானுக்குப் பூஜ்யம் பொய். ஆகவே முதல் மாதம் எடுத்தவர் மட்டும் எடுக்காதவர் பட்டியலில் நிற்பார். மற்ற 19 மாதமும் சரியாக ஓடுவதால் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும் பிழை இது.

மூன்றாவது, பெயருக்கு முன் நிற்கும் ஒற்றை அடிக்கோடு. “வெளியிலிருந்து இதைத் தொடாதே” என்ற வேண்டுகோள் அது; பைதான் பூட்டுப் போட்டுத் தடுக்காது. வெளியே படிக்க மட்டும் காட்ட வேண்டுமானால் பிராப்பர்ட்டி அலங்கரிப்பைப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து புது மதிப்பு வைக்க முயன்றால் அப்போது பிழை வரும். ஒவ்வொரு தகவலுக்கும் ‘படி’, ‘வை’ என்று இரண்டு மெத்தட் எழுதித் தள்ளுவது என்காப்சுலேஷன் (தகவலை அதன் விதியோடு சேர்த்து மூடிக் காப்பது) ஆகாது. எடுத்த மாதத்தை யார் வேண்டுமானாலும் ‘வைக்க’ முடிந்தால் விதி காற்றில் போயிற்று. ஏலத்தில் எடுப்பது என்ற ஒரே வழியில்தான் அது மாற வேண்டும்.

நான்காம் கட்டம்: பணம்

பைதானில் 0.1 உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004 வரும். தசம எண்கள் இரும எண் முறையில் துல்லியமாக அடங்காததன் விளைவு இது. பணத்துக்கு ஃப்ளோட் என்ற தசம எண் வகை வேண்டாம். இந்தத் திட்டத்தில் பைசா வராது என்பதால் ரூபாயை முழு எண்ணாகவே வையுங்கள். கமிஷனை 0.05-ஆல் பெருக்காமல், 5-ஆல் பெருக்கி, இரட்டைச் சாய்கோடு போட்டு 100-ஆல் வகுங்கள்.

இந்த 5-ஐ நிரலுக்குள் நேராக எழுதிவிடாதீர்கள். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம் நடத்துபவர் கமிஷனின் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. புதிய குழு 7-இல் தொடங்கினாலும், பழைய குழு தொடங்கியபோது பேசிய 5-லேயே முடிய வேண்டும். ஆகவே கமிஷன் விகிதம் குழுவின் சொத்து; குழு ஆப்ஜெக்ட் உருவாகும்போது உள்ளே போய் அதன் ஆயுள் முழுக்க மாறாமல் இருக்க வேண்டும். அதைக் கிளாஸ் அளவில் ஒரே மதிப்பாக வைத்தால், மாற்றிய அன்றே பழைய குழுக்களின் கணக்கும் மாறிவிடும். கிளாஸ் மாறிக்கும் ஆப்ஜெக்ட் மாறிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கிடைப்பது அரிது.

ஐந்தாம் கட்டம்: ஏலம்

ஒரு மாதத்து ஏலம் ஒரு ஆப்ஜெக்ட். அது பிறக்கும், கேட்புகளை வாங்கும், முடியும். அதன் விதிகள்: கேட்கும் பங்கு எடுக்காததாக இருக்க வேண்டும். தள்ளு கமிஷனுக்குக் குறையக் கூடாது, குழு வைத்த உச்சத்தைத் தாண்டவும் கூடாது. ஒவ்வொரு கேட்பும் முந்தையதை விட உயர வேண்டும்; உச்சத்தில் மட்டும் சமமாகவும் கேட்கலாம்.

```
கிளாஸ் ஏலம்:
    கேள்(பங்கு, தள்ளு):
        முடிந்துவிட்டது எனில்: பிழை
        பங்கு எடுத்தாயிற்று எனில்: பிழை
        தள்ளு எல்லைக்கு வெளியே எனில்: பிழை
        தள்ளு முந்தையதற்குச் சமம், அது உச்சமும் ஆகும் எனில்:
            போட்டியாளர் பட்டியலில் சேர்
        இல்லாமல், தள்ளு முந்தையதை விட அதிகம் எனில்:
            பட்டியலைக் காலி செய்து இவரை மட்டும் சேர்
        இரண்டும் இல்லை எனில்: பிழை

    முடி(தேர்ந்தெடுப்பான்):
        திருப்பு ஏல_முடிவு(வென்ற பங்கு, தள்ளு)
```

உச்சத் தள்ளைப் பலர் கேட்டுவிட்டால் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். முதல் மாதங்களில் அடிக்கடி நடப்பது இது. அங்கே ரேண்டம் நூலகத்தை ஏலத்துக்குள்ளிருந்தே அழைத்தால் சோதிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் ஜெயிப்பார். குலுக்கும் ஃபங்ஷனை வெளியிலிருந்து அளவுருவாகக் கொடுங்கள். நிஜத்தில் ரேண்டம் சாய்ஸ் போகும், சோதனையில் “பட்டியலின் முதலாமவரைக் கொடு” என்ற ஃபங்ஷன் போகும்.

ஏல முடிவைத் தனியாக, மாற்ற முடியாத ஆப்ஜெக்ட்டாக வையுங்கள். தகவலை மட்டும் வைக்கும் கிளாஸைச் சுருக்கமாக எழுத உதவும் டேட்டாகிளாஸில் ஃப்ரோசன் என்ற விருப்பத்தை இயக்கினால் போதும். முடிந்த ஏலத்தின் தொகையைப் பிறகு யாரும் திருத்த முடியாது.

பிழைகளுக்கு ‘சீட்டுப்பிழை’ என்று சொந்தமாக ஒரு எக்செப்ஷன் கிளாஸ் எழுதி, அதிலிருந்து ‘எல்லைப்பிழை’, ‘எடுத்தவர்_கேட்டார்’ போன்றவற்றைக் கிளைக்க விடுங்கள். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைக் கிளைக்க விடும் இன்ஹெரிட்டன்ஸ் சந்தேகமே இல்லாமல் பொருந்துகிற இடம் இது. திரையில் செய்தி காட்டும் பகுதி ‘சீட்டுப்பிழை’ ஒன்றைப் பிடித்தால் எல்லாம் பிடிபடும். உங்கள் நிரலில் இருக்கும் உண்மையான பிழைகள் அந்த வலையில் சிக்காமல் வெளியே வந்து விழும். அப்படி விழுவதுதான் நல்லது.

ஆறாம் கட்டம்: கழிவைப் பகிரும் விதி

இந்தத் திட்டத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இது.

சில குழுக்களில் கழிவு எல்லாப் பங்குக்கும் போகும். சிலவற்றில் இன்னும் எடுக்காதவர்களுக்கு மட்டும். அதுபோல ஏலத்துக்குப் பதில் குலுக்கிப் போடும் சீட்டும் உண்டு. முதல் மாதச் சீட்டை நடத்துபவரே எடுத்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. இன்ஹெரிட்டன்ஸை அப்போதுதான் கற்றவர் உடனே ‘குழு’வுக்குக் கீழே ‘ஏலக்குழு’, ‘குலுக்கல்குழு’ என்று கிளைக்கத் தொடங்குவார். தேர்வு முறை இரண்டு, பகிர்வு இரண்டு, முதல் மாதம் இரண்டு. எல்லாச் சேர்க்கைக்கும் எட்டுக் கிளாஸ். நான்காவதாக ஒரு வேறுபாடு வந்தால் பதினாறு. ஒரே பகிர்வுக் கணக்கு பல இடங்களில் பிரதியாகும். ஒன்றில் திருத்தி மற்றவற்றில் மறப்போம்.

மாறுகிற ஒவ்வொன்றையும் தனிச் சிறு கிளாஸாக்கி, குழுவின் கையில் கொடுங்கள்.

```
கிளாஸ் பகிர்வு_விதி (அருவம்):
    பகிர்(தொகை, பங்குகள், வென்றவர்) → (எண்வாரி ஒதுக்கீடு, மீதி)

கிளாஸ் எல்லாருக்கும்(பகிர்வு_விதி)
கிளாஸ் எடுக்காதவருக்கு_மட்டும்(பகிர்வு_விதி)
```

இரண்டு பகிர்வு, இரண்டு தேர்வு, இரண்டு முதல் மாத விதி. மொத்தம் ஆறு சிறு கிளாஸ்களில் எட்டுச் சேர்க்கையும் கிடைக்கும். குழு எந்த விதி தன் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. ‘பகிர்’ என்று கேட்கும், விடை வரும். பாலிமார்ஃபிசம் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். குழுவுக்குள் “விதி இன்னது எனில்” என்று கேட்கும் வரி ஒன்று வந்துவிட்டால் ஏதோ தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அருவக் கிளாஸுக்கு (எந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் கிளாஸ்) பைதானின் ஏபிசி தொகுதியைப் பயன்படுத்தினால், ‘பகிர்’ எழுத மறந்த கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதே பிழை வரும்.

இனி வகுத்தல். மூன்றாம் மாதத் தள்ளு ரூ.28,000 என்போம். கழிவு 23,000. எடுக்காதவருக்கு மட்டும் விதி. ஏற்கெனவே இருவர் எடுத்தாயிற்று, இந்த மாதம் ஒருவர். மிச்சம் 17 பங்கு. 23,000-ஐ 17-ஆல் வகுத்தால் 1,352. பதினேழு பேருக்கும் கொடுத்தது போக ரூ.16 மீதி. இந்தப் பதினாறு ரூபாயை நிரல் விழுங்கிவிடக் கூடாது. அதனால்தான் ‘பகிர்’ ஒதுக்கீட்டுடன் மீதியையும் திருப்புகிறது. குழு அதை அடுத்த மாதக் கழிவில் சேர்க்கும்.

‘வென்றவர்’ என்று தனியாக அனுப்புவதற்கும் காரணம் உண்டு. வென்ற பங்கின் நிலையை ‘எடுத்தது’ என்று மாற்றும் முன் பகிர்வைக் கணக்கிட்டால் 18 பேர் கணக்கில் வருவார்கள்: பங்குக்கு 1,277, மீதி 14. மாற்றிய பிறகு கணக்கிட்டால் 17. எந்த வரி முதலில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துப் பணம் மாறுகிறது என்றால் அந்த நிரலை நம்ப முடியாது. வென்றவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது விதியின் முடிவாக, விதிக் கிளாஸுக்குள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடைசி மாதத்தில் இதே விதி நிரலைக் கவிழ்க்கும். இருபதாம் மாதம் வென்றவர் போக எடுக்காத பங்கு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தல் பிழை. பெறுபவர் இல்லாவிட்டால் வகுக்காமல், முழுத் தொகையையும் மீதியாகத் திருப்புங்கள். முந்தைய மாதங்களின் மீதி அப்போது கையில் இருக்கலாம். அதைக் கொண்டுபோக இனி மாதம் இல்லை. கடைசிப் பங்குக்குச் சேர்ப்பதா, வேறு எங்கே போவதா என்று குழு தொடங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். நிரல் எழுத உட்கார்ந்ததால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. பேச்சில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏழாம் கட்டம்: குழு

குழுதான் வெளியுலகம் பேசும் ஒரே வாசல். பங்குகள், கமிஷன் விகிதம், விதிகள், நடந்த மாதங்களின் பதிவு, மீதி ஆகியவை அதனிடம். ‘மாதம்_நடத்து’ என்ற மெத்தட்டில் வேலைகளின் வரிசை முக்கியம்:

```
மாதம்_நடத்து(முடிவு):
    மாதங்கள் முடிந்துவிட்டன எனில்: பிழை
    முடிவின் பங்கு இந்தக் குழுவைச் சேர்ந்ததா, எடுக்காததா: சரிபார்
    பகிர_வேண்டியது = தள்ளு - கமிஷன் + முன்மீதி
    ஒதுக்கீடு, மீதி = விதி.பகிர்(...)
    பதிவு = மாதப்_பதிவு(...)
    --- இதுவரை எதையும் மாற்றவில்லை ---
    பங்கு.எடு(மாதம்)
    பதிவைச் சேர், முன்மீதியைப் புதுப்பி
```

கோட்டுக்கு மேலே கணக்கு, கீழே மாற்றம். நிலையை முதலிலேயே மாற்றிவிட்டுப் பிறகு கணக்கிட்டால், நடுவில் பிழை வரும்போது பங்கு எடுத்ததாக இருக்கும், பதிவு இருக்காது. பாதி நடந்த மாதம். இந்த வரிசையைப் பழகிக்கொண்டால் வங்கிக் கணக்கோ டிக்கெட் பதிவோ எதை எழுதினாலும் கை கொடுக்கும்.

ஒவ்வொருவரும் கட்டிய தொகையை வரவுப் பதிவுகளாக மட்டும் வையுங்கள்: தேதி, பங்கு எண், தொகை. பாக்கி என்று ஒரு மாறி வேண்டாம். பாக்கி கேட்கும்போது, கட்ட வேண்டியதன் கூட்டலிலிருந்து கட்டியதன் கூட்டலைக் கழித்துச் சொல்லுங்கள். இருபது பங்குக்கு இந்தக் கணக்கு கணினிக்கு ஒரு வேலையே இல்லை.

எட்டாம் கட்டம்: சோதனை

பைதானுடன் வரும் யூனிட்டெஸ்ட் என்ற சோதனைத் தொகுதி போதும். நோட்டில் எழுதிய மூன்று மாதங்களை அப்படியே சோதனையாக்குங்கள். அதற்கு மேல், எல்லா மாதத்துக்கும் பொருந்த வேண்டிய சமன்பாடு ஒன்று:

வசூலாக வேண்டியது + முன்மீதி = எடுத்தவருக்குக் கொடுத்தது + கமிஷன் + புதுமீதி

மேலே பார்த்த மூன்றாம் மாதத்தில், 17 பேருக்கு 1,352 கழிந்ததால் வசூல் ரூ.77,016. கொடுத்தது 72,000, கமிஷன் 5,000, மீதி 16. சரி. எல்லைக்குள் இருக்கும் தள்ளுகளை ரேண்டமாகக் கொடுத்து ஆயிரம் சீட்டுகளை முழுதாக ஓட்டி, ஒவ்வொரு மாதமும் இந்தச் சமன்பாடு நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பங்கும் சரியாக ஒரே ஒருமுறை எடுக்கப்பட்டதா என்பது இரண்டாவது. தவறான கேட்பு பிழை எழுப்புகிறதா, அந்தப் பிழைக்குப் பின் குழுவின் நிலை மாறாமல் இருக்கிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் ஏழாம் கட்டத்து வரிசைத் தவறு உடனே வெளிப்படும்.

ஒன்பதாம் கட்டம்: சேமிப்பு

தகவலை எழுத்தாகவே சேமிக்கும் ஜேசான் கோப்பு போதும். கணக்கிட்டுப் பெறக்கூடிய எதையும் சேமிக்க வேண்டாம். சேமிக்க வேண்டியவை: குழுவின் அமைப்பு, ஒவ்வொரு மாதமும் வென்ற பங்கு எண்ணும் தள்ளும், வரவுகள். திறக்கும்போது குழுவை உருவாக்கி மாதங்களை வரிசையாக மறுபடி நடத்தினால் நிலை தானாக வந்துவிடும். கோப்பை யாராவது தப்பாகத் திருத்தியிருந்தால் விதிகளே பிடித்துக் கொடுக்கும்.

இங்கே காத்திருக்கும் தொல்லைகள் சில. விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்களை எழுதும் இடத்தில் நிரல் நின்றுவிடலாம். ஜேசான் அகராதியின் சாவிகள் எல்லாம் சரங்களாகிவிடும். 7-ஆம் பங்காக எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது மேற்கோளுக்குள் இருக்கும் 7 ஆக வரும், தேடினால் கிடைக்காது. இரண்டு பங்கு வைத்திருக்கும் ஒருவரை ஒவ்வொரு பங்குக்குள்ளும் முழுதாகச் சேமித்தால், திறக்கும்போது ஒரே பெயரில் இரண்டு ஆள் ஆப்ஜெக்ட் பிறக்கும். ஒன்றில் கைபேசி எண்ணை மாற்றினால் மற்றதில் மாறாது. ஆட்களைத் தனிப்பட்டியலாகச் சேமித்து, பங்கில் ஆளின் அடையாள எண்ணை மட்டும் வையுங்கள்.

தமிழ்ப் பெயருக்கே உரிய சிக்கல் ஒன்று. ‘கோபால்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, பைதானுக்கு முதலாவதன் நீளம் 6, இரண்டாவதன் நீளம் 7. ஒப்பிட்டால் பொய். பெயர் ‘ஆள்’ கிளாஸின் தொடக்கத்துக்குள் நுழையும்போதே யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் ஃபங்ஷனால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு நிரலில் வேறு எங்கும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதே காரணத்தால், பெயரின் நீளத்தை வைத்து நெடுவரிசை ஒழுங்குபடுத்தினால் ரசீது கோணலாகவே வரும். தொகையை முதலிலும் பெயரைக் கடைசியிலும் அச்சிடுங்கள்.

அடிக்கடி விழும் குழிகள்

தொடக்க மெத்தட்டில் “பங்குகள் = வெற்றுப் பட்டியல்” என்று இயல்பு மதிப்பு கொடுப்பது. பைதான் அந்தப் பட்டியலை மெத்தட் வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறை உருவாக்குகிறது. இரண்டாவது குழுவைத் தொடங்கினால் முதல் குழுவின் ஆட்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். இயல்பு மதிப்பை நன் என்று வைத்து உள்ளே புதுப் பட்டியல் உருவாக்குங்கள். டேட்டாகிளாஸ் இதை நேரடியாகவே மறுத்துவிடும். ஃபீல்டில் டிஃபால்ட் ஃபேக்டரி கொடுக்கச் சொல்லும்.

மெத்தட்டின் முதல் அளவுருவாகச் செல்ஃப் எழுத மறந்தால், “பூஜ்யம் அளவுரு ஏற்கும் இடத்தில் ஒன்று வந்தது” என்ற பொருளில் பிழை வரும். நீங்கள் எதுவும் அனுப்பவில்லையே என்று திகைக்க வேண்டாம். ஆப்ஜெக்ட் தானே முதல் அளவுருவாகப் போகிறது.

குழுவின் பங்குப் பட்டியலை அப்படியே வெளியே கொடுத்தால், வாங்கியவர் அதில் சேர்க்கலாம், நீக்கலாம். மாற்ற முடியாத பட்டியலான டியூப்பிளாக மாற்றிக் கொடுங்கள்.

‘சீட்டு_மேலாளர்’ என்று ஒரு கிளாஸ் எழுதி எல்லா மெத்தட்டையும் அதில் திணிப்பது இன்னொன்று. அச்சிடுதல், சேமித்தல், ஏலம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் பழைய ஃபங்ஷன் குவியலுக்குச் சட்டை மாட்டியது போலத்தான். குழுவுக்குள் பிரிண்ட் கட்டளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கணக்கு ஒரு கோப்பு, சேமிப்பு ஒரு கோப்பு, திரை ஒரு கோப்பு, சோதனை ஒரு கோப்பு. எல்லாம் சேர்ந்து சுமார் 300 வரிக்குள் முடிந்துவிடும்.

பழகுவதற்காக எழுதும் கணக்கு இது. பணம் வாங்கிச் சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் வேண்டும்.

பத்தாம் கட்டம்: அரைச் சீட்டு

இருவர் சேர்ந்து ஒரு பங்கு போடும் அரைச் சீட்டை இப்போது சேர்த்துப் பாருங்கள். ஏலத்தைப் பொறுத்தவரை அது ஒரே பங்கு, ஒருமுறைதான் எடுக்கலாம். தவணையும் கிடைக்கும் தொகையும் மட்டும் இருவருக்குப் பாதிப் பாதி. மூன்றாம் கட்டத்தில் ஆளையும் பங்கையும் பிரித்திருந்தால், ‘உரியவர்’ என்ற ஒருவரின் இடத்தில் ‘உரிமையாளர்கள்’ என்ற பட்டியல் வரும், தொகையைப் பிரிக்கும் மெத்தட் ஒன்று பங்கில் சேரும், வரவில் யார் கட்டியது என்று ஒரு புலம் கூடும். தவணை ரூ.3,995 போன்ற ஒற்றைப்படைத் தொகையானால் ஒருவருக்கு 1,998, மற்றவருக்கு 1,997. அந்த ஒரு ரூபாய் ஒவ்வொரு மாதமும் ஒரே ஆள் தலையில் விழாமல் இருக்க, ஒற்றைப்படை மாதத்தில் முதலாமவருக்கும் இரட்டைப்படை மாதத்தில் இரண்டாமவருக்கும் வையுங்கள். ஏலம், பகிர்வு விதி, குழுவின் ‘மாதம்_நடத்து’ ஆகிய மூன்றிலும் ஒரு வரிகூட மாறத் தேவையில்லை. மாற வேண்டியிருந்தால், அந்த வரியில் ஆளைக் கேட்க வேண்டாத ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்; அங்கே போய் அதைப் பங்கிடம் கேட்கும்படி திருத்துங்கள்.